பாயின் மற்ற நுனி

2023 நவம்பரில் டில்லியில் நடந்த உலகக் கிண்ண ஆட்டத்தில் ஏஞ்சலோ மத்யூஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் ஆட்டமிழந்த அன்று, நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. தலைக்கவசத்தின் வார் அறுந்தது, புதிதாக வருகிறவர் பந்தைச் சந்திக்கத் தயாராக வேண்டிய இரண்டு நிமிடம் கடந்தது, பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார், நடுவர் விரலை உயர்த்தினார். சர்வதேசத் துடுப்பாட்டத்தில் அந்த விதமாக ஆட்டமிழந்த முதல் ஆள் மத்யூஸ்தான். சட்டம் சட்டம்தானே என்று ரொறன்ரோவில் இருந்து ஒருவர். கேட்டிருக்கவே கூடாது என்று சிட்னியில் இருந்து இன்னொருவர். எனக்கு அந்த முறையீடு பெரிதாக உறுத்தவில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் கைகொடுக்காமல் போனதுதான் உறுத்தியது. நம் மைதானத்தில் அப்படி நடந்திருந்தால் பி.ரி. மாஸ்ரர் இரண்டு பக்கத்தையும் திருப்பிக் கூப்பிட்டு, கைகொடுத்து முடியும்வரை ஒருவனையும் சைக்கிளில் ஏற விட்டிருக்கமாட்டார்.

மலர்க் குழுவினர் விளையாட்டு நினைவுகள் எழுதச் சொன்னார்கள். நாம் வென்ற கிண்ணங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு மலரிலும் அதையே எழுதுகிறார்கள். நான் நம்மோடு விளையாட வந்தவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நம் மைதானத்தில் புல் விக்கெற் எல்லாம் கிடையாது. கயிற்றுப் பாய்தான். சுருட்டி வைத்த பாயைச் சாமான் அறையில் இருந்து நாலைந்து பேர் தோளில் காவி வந்து விரித்து, இரண்டு பக்கமும் இழுத்து, ஓரத்தில் ஆணி அடிக்க வேண்டும். இழுவை போதாவிட்டால் பாய் அங்கங்கே எழும்பி நிற்கும். அதில் குத்துகிற பந்து நெஞ்சுக்கு வருமா காலுக்கு வருமா என்று எறிந்தவனுக்கே தெரியாது. மைதானத்துக்குச் சொந்தக்காரர்தான் பாயையும் விரிப்பது என்பது வழக்கம். மாஸ்ரர் அதை மாற்றினார். ஒரு நுனியை நாங்கள் பிடிக்க வேண்டும், மற்ற நுனியை வந்த அணி பிடிக்க வேண்டும். அவர்களின் தலைவன் மிதித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடைசி ஆணி.

காரணம் ஒன்றும் அவர் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரிந்த பலன், இழுக்கிற நேரம் கதை தொடங்கும் என்பது. எந்த ஊர், ஆரின்ர தம்பி, உங்களுக்குக் கெமிஸ்ரி ஆர் படிப்பிக்கிறது? யாழ்ப்பாணத்தில் மூன்று கேள்விக்குள் ஒரு சொந்தம் வெளியில் வந்துவிடும். எங்கள் ஆரம்பத் துடுப்பாட்டக்காரனும் எதிரணி வேகப்பந்து வீச்சாளனும் தூரத்து மச்சான்மார் என்று ஒருமுறை பாய் இழுக்கும்போதுதான் தெரியவந்தது. மச்சான் என்று தெரிந்த பிறகு பவுன்சர் குறையவில்லை, கூடியது. அது வேறு கதை.

வந்த அணியில் ஒருவன் ஐம்பது அடித்தால் களத்தில் நிற்கிற பதினொரு பேரும் கைதட்ட வேண்டும். ஆட்டமிழந்து போகிறவனைப் பார்த்துக் கூக்காட்டினால், கூக்காட்டியவன் அடுத்த ஆட்டத்தில் இல்லை. மத்தியானச் சாப்பாடு விடுதியில். வந்தவர்களுக்கு இரண்டாம் முறை சோறு போட்ட பிறகுதான் நாங்கள் குந்தலாம். அளவுக்கு மிஞ்சிச் சோறு போடுவது மாஸ்ரரின் தந்திரம் என்று எங்களுக்குள் ஒரு கதை உலாவியது. உண்மையோ பொய்யோ, கத்தரிக்காய்க் குழம்போடு சோறு சாப்பிட்ட அணிகளின் களத்தடுப்பு பின்னேரம் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும்.

என் தங்கை படித்த பெண்கள் பாடசாலையில் வலைப்பந்தாட்டம் முடிந்ததும் தோற்ற அணித் தலைவிதான் முதலில் எதிரணிக்கு மூன்று முறை 'ஹிப் ஹிப் ஹூரே' சொல்ல வேண்டுமாம். அழுதுகொண்டே சொன்ன நாள்களும் உண்டு என்பாள்.

உதைபந்தாட்டத்தில் நெடுந்தீவுப் பெடியள் வந்த நாளைச் சொல்லாமல் விட முடியாது. காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் எல்லாம் தாண்டிப் பட்டணம், பிறகு நம் ஊருக்கு இன்னொரு பஸ். வந்து இறங்கும்போதே பாதிக் களைப்பு. சிலருக்குப் பூட்ஸ் இல்லை. எங்கள் பக்கத்திலும் பாதிப்பேர் வெறுங்கால் என்றபடியால் அது பிரச்சினையாகவில்லை. பிரச்சினை கடைசிப் படகு. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் மேலதிக நேரம், மேலதிக நேரம் என்றால் படகு போய்விடும். இடைவேளைக்கு ஆளுக்கொரு கோல். தோடம்பழத் துண்டைச் சூப்பிக்கொண்டு எங்களில் ஒருவன் சொன்னான்: "இழுத்தடிச்சால் அவங்கள் விட்டிட்டுப் போடுவாங்கள் சேர்."

மாஸ்ரர் அவனைப் பேசவில்லை. "விடுதியில பாய் எத்தினை கிடக்கெண்டு எண்ணிக்கொண்டு ஓடி வா" என்று அனுப்பினார்.

அவர்களோடு வந்த ஆசிரியர்களில் ஒருவர் வீடுகளுக்குத் தகவல் சொல்ல பஸ்ஸுக்குப் போனார். மற்றவர்கள் நின்றார்கள். இனி அவசரமில்லை என்றதும் அந்தப் பெடியளின் ஆட்டமே மாறிப்போனது. மேலதிக நேரத்தில் ஒருவன் தலையால் இடித்த பந்து எங்கள் காப்பாளரின் கைக்கு மேலாகப் போய் விழுந்தது. இரவு விடுதியில் புட்டும் சம்பலும். தோற்ற நாங்கள் பரிமாறினோம். பாய்களை எண்ணப் போனவன்தான் அதிக நேரம் அவர்களோடு இருந்து, தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பற்றி விடுத்து விடுத்துக் கேட்டான். அடுத்த நாள் அவர்கள் குமுதினியில் ஊர் போனார்கள். 1985 மே மாதம் அதில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்தப் படகின் பெயரைச் சாதாரணமாக எழுத முடிவதில்லை. இந்தக் கட்டுரையில் மட்டும் அது வெறும் படகாகவே இருக்கட்டும்.

1980 பெப்ரவரியில் பம்பாய் டெஸ்ற் நடந்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெற் என்று நிற்கையில், பொப் ரெய்லர் பிடி கொடுத்தார் என்று நடுவர் விரலைத் தூக்க, பந்து மட்டையில் படவில்லை என்று கண்ட இந்தியத் தலைவர் விஸ்வநாத் அவரைத் திருப்பிக் கூப்பிட்டார். ரெய்லரும் பொத்தமும் 171 ஓட்டங்கள் சேர்த்தார்கள். இந்தியா 10 விக்கெற்றால் தோற்றது. பயிற்சிக்கு வந்த மாஸ்ரர் இதைச் சொன்னதும் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப தோத்துப்போனார்தானே சேர்?" "ஓம், தோத்தார். போய் ஓடு" என்றார்.

இதே வரிசையில் வைக்கிற மற்றக் கதை மேற்கிந்தியத்தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் கோட்னி வோல்ஷ். 1987 ஒக்டோபரில் லாகூரில், உலகக் கிண்ண ஆட்டத்தின் கடைசிப் பந்தில், பந்து வீச முன்னமே தன் பக்கக் கோட்டை விட்டு வெளியேறிய பாகிஸ்தானின் சலீம் ஜாபரை ஆட்டமிழக்கச் செய்யாமல் எச்சரித்து விட்டார். பாகிஸ்தான் ஒரு விக்கெற்றால் வென்றது, மேற்கிந்தியத்தீவுகள் அரையிறுதிக்குப் போகவில்லை. உலகம் மெச்சிய அந்த ஆட்டத்தை யாழ்ப்பாணத்தில் நாங்கள் கேட்கவில்லை. இந்திய இராணுவத்தின் நடவடிக்கை தொடங்கி, ஊர் ஷெல்லுக்கு நடுவே கிடந்த வாரம் அது. நான் வெளிநாடு வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகுதான் வாசித்தேன்.

இரண்டும் நல்ல கதைகள். ஆனால் பிள்ளைகளுக்கு இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரியிடம் நல்லவனாக நடந்தால் தோற்க வேண்டும் என்று அதுகள் விளங்கிக்கொள்ளும். நான் சொல்வது அவுஸ்திரேலிய ஓட்டவீரர் ஜோன் லண்டி கதை. 1956 மார்ச்சில் மெல்பேர்ணில் ஒரு மைல் ஓட்டம். முன்னால் ஓடிய இளைஞன் ரொன் கிளார்க் இடறி விழ, அவனைத் தாண்டிப் பாய்ந்த லண்டி நின்று, திரும்பி வந்து, அவனுக்கு ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகு மற்றவர்களைத் துரத்திப் பிடித்தார். வென்றும் விட்டார்! அந்த வருடக் கடைசியில் அதே நகரத்தில் நடந்த ஒலிம்பிக்கில் வீரர்கள் சார்பில் உறுதிமொழி எடுத்தவரும் அவரே. அந்த ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்த நம்மவர் ஒருவர் இருந்தார்: யாழ் மத்திய கல்லூரியில் படித்த நா. எதிர்வீரசிங்கம். 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கம் கொண்டுவந்தவர். அவர் வேறு கல்லூரிக்காரர் என்பது என் ஐயாவுக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. "எங்கட பெடியன்" என்றுதான் சொல்லுவார்.

இங்கே கோடையில் நம் சங்கங்கள் நடத்தும் போட்டிகளுக்கு வருகிறேன். பிள்ளைகள் நம்மைவிட நன்றாக விளையாடுகிறார்கள், புல் தரை, நல்ல சப்பாத்து. ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு கூடாரம், ஒவ்வொரு சமையல், ஒவ்வொரு பாட்டுப்பெட்டி. ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் காரில் வந்து இறங்கி, முடிந்ததும் காரில் ஏறுகிறார்கள். எதிரே நிற்கிற பிள்ளையின் பெயரைக் கேட்க இவர்களுக்கு ஒரு சந்தர்ப்பமே நாம் வைக்கவில்லை. பிறகு எல்லையில் நின்று தகப்பன்மார் நடுவரைப் பார்த்துக் கத்தும்போது, பிள்ளைகள் எதைப் பழகும்? பிள்ளைகளில் எனக்குக் குறையில்லை. ஒழுங்கு செய்கிற எங்களில்தான் குறை.

ஆகவே இந்த வருடம் ஒன்று செய்யலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். நம் முதல் ஆட்டத்தின் எதிரணிக்கு, பெற்றோருக்கும் சேர்த்து, மத்தியானச் சாப்பாடு நம் கூடாரத்தில். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் என் பொறுப்பு. இறைச்சிக் கறிக்கு ஒருவர் முன்வந்திருக்கிறார், மரக்கறிக்காரருக்குப் பருப்பும் பயற்றங்காயும் உண்டு. பரிமாறுவது பதினைந்து வயதுக்குட்பட்ட அணி. அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. உதவ விரும்புகிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். பெரிய கிடாரம் இரண்டும் தேவை, பிறகு அதைக் கழுவ ஆட்களும் தேவை.