ஆர்எக்ஸ்-8 திடீரென இழுவை இழந்தால்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென இழுவைத் திறனை இழந்தால், ‘அபெக்ஸ் சீல் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் தடுக்கும் பட்டை) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்’ என்று பலரும் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நான் முதலில், ஸ்பார்க் பிளக்குகளில் தீப்பொறி எழ உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில்களைத்தான் சந்தேகிப்பேன். இரண்டு ரோட்டர்கள் கொண்ட அந்த 1.3 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், ட்ரெய்லிங் என இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், பிளக்குக்கு ஒன்றாக நான்கு காயில்கள் உள்ளன. காயில் வலுவிழந்தால் எரியாத பெட்ரோல் புகைபோக்கிக் குழாய்க்குள் சென்று, புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியை உருக்கி அடைத்துவிடும். புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணறும். எஞ்சின் விளக்கு மினுக்கத் தொடங்கினால் அதற்கு மேல் ஓட்டாமல் இருப்பதே நல்லது, ஏனெனில் கன்வெர்ட்டரின் விலை காயில்களின் விலையைவிட மிக அதிகம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே எஞ்சினுக்குள் அழுத்தம் சரியாக எழுகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனைக்குப் போக வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று முகங்களில் மிக அதிகமான அழுத்தத்தை மட்டுமே காட்டுவதால், பழுதான முகம் அதில் மறைந்துவிடும். மூன்றையும் தனித்தனியே பதியும் ரோட்டரி கருவி கொண்டு பார்க்கையில், இரண்டு முகங்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள அபெக்ஸ் சீலையும், ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ரோட்டரின் பக்கத்தை அடைக்கும் பக்கவாட்டு சீலையும் சந்தேகிக்கலாம்.