இருக்கையில் ஆள் இல்லாதபோது

நவம்பரில் முதல் உறைபனி விழுந்த மறுநாளே எங்கள் கடையின் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கிவிடும். டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் உள்ள சிறிய கார் மின்சாதனக் கடை அது. உள்ளே இரண்டு வண்டிகளுக்குத்தான் இடம். கோடையெல்லாம் ஸ்பீக்கர் மாட்டுவோம். குளிர் வந்துவிட்டால் எல்லோரும் கேட்பது ரிமோட் ஸ்டார்ட்டர்தான்: வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைக்கும் கருவி.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது குளிர்காலத்தில் 2009ஆம் ஆண்டு டொயோட்டா சியன்னா மினிவான் ஒன்று வந்தது. அதன் உரிமையாளரான அக்கா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்ப்பவர். காலை ஆறரைக்குப் பணி தொடங்கும். இருட்டில் நின்று கண்ணாடிப் பனியைச் சுரண்டிச் சுரண்டி அவருடைய தோள்பட்டை வலி கண்டிருந்தது. "கண்ணாடி உருகியிருந்தாலே போதும் தம்பி" என்றார்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த கடை முதலாளி, வயரிங் வரைபடத்தைக் காட்டித் தொடங்கவில்லை. "இருக்கையில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்புகிறவன் என்னென்ன செய்கிறான் என்று எண்ணிப் பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் வேண்டும்" என்றார். இன்றுவரை ஒவ்வொரு வண்டியையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் கை. சாவித்துளைக்குப் பின்னால் வரும் கனத்த வயர்கள் கையின் வேலையைச் செய்பவை. ஒன்றில் எந்நேரமும் 12 வோல்ட் இருக்கும். ஒன்று சாவியைத் திருப்பியதும் உயிர்பெற்று, என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டர் சுழலும்போதும் உயிரோடிருக்கும். ஹீட்டர் விசிறிக்குப் போவது அந்த நேரத்தில் சற்று அடங்கி மீண்டும் வரும். ஸ்டார்ட்டர் வயரிலோ சாவியை முழுதாகத் திருப்பிப் பிடித்திருக்கும்வரைதான் மின்சாரம். இவற்றை நிறத்தை நம்பி வெட்டக் கூடாது. மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, சாவியை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பிப் பார்த்தே தொட வேண்டும். பழைய சோதனை விளக்கை நான் டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோவதே இல்லை. அது இழுக்கும் மின்னோட்டம் வண்டியின் கணினியைக் கெடுத்துவிடலாம். மஞ்சள் உறையிட்ட வயர்கள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றின் பக்கம் கையே போகக் கூடாது.

அடுத்தது காது. என்ஜின் பிடித்த சத்தம் கேட்டதும் நாம் நம்மையறியாமல் சாவியை விட்டுவிடுகிறோம். நாங்கள் மாட்டும் ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் காது இல்லை. அதனால் என்ஜின் சுழல்வேகத்தைச் சொல்லும் டாக்கோமீட்டர் வயர் ஒன்றை அதற்குக் கொடுக்கிறோம். துடிப்புகளை எண்ணி, எப்போது ஸ்டார்ட்டரை விட வேண்டும் என்று அது முடிவு செய்யும். மின்னழுத்தத்தை வைத்து ஊகிக்கும் முறையும் உண்டு. ஆனால் கடுங்குளிரில் பேட்டரி சோர்ந்திருக்கும்போது அந்த ஊகம் தவறிவிடும் என்பதால், கூடுதலாக அரைமணி நேரம் ஆனாலும் இந்த வயரை நான் விடுவதில்லை.

பிறகு கண். என்ஜின் மூடியைத் திறந்து ஒருவர் பெல்ட்டின் அருகே கை வைத்திருக்கும்போது, வீட்டுக்குள் ஒரு குழந்தை ரிமோட்டை அழுத்தினால்? அதற்காகத்தான் மூடிக்கு அடியில் ஒரு சிறிய சுவிட்ச். மூடி திறந்திருந்தால் என்ஜின் கிளம்பாது, ஓடிக்கொண்டிருந்தால் நின்றுவிடும். அதைப் பொருத்தாமல் விட்ட வண்டிகள் எங்களிடம் பழுதுக்கு வரும்போது எனக்குக் கோபம் வரும். துளை போட்டு ஒரு வயர் இழுக்கும் சோம்பலுக்கு யாரோ ஒருவருடைய விரல்களைப் பணயம் வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தாலும் வண்டி கிளம்பாது. கனடாவில் 2007 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களிலும் வான்களிலும் இமொபிலைசர், அதாவது உரிய சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு, கட்டாயம். இந்த சியன்னாவின் சாவித் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிப் இருக்கிறது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் தன் காந்தப்புலத்தால் அதற்குச் சக்தி கொடுத்து, அதன் குறியீட்டைக் கேட்டு வாங்குகிறது. குறியீடு வராவிட்டால் ஸ்டார்ட்டர் சுழன்றாலும் என்ஜின் ஓடாது. அந்தப் பதிலைச் சாவிக்குப் பதிலாகச் சொல்வதுதான் பைபாஸ் மாட்யூல். முன்பெல்லாம் உபரிச் சாவி ஒன்றையே பைபாஸ் பெட்டிக்குள் வைத்து டாஷ்போர்டுக்குள் ஒளித்துவிடுவார்கள். வண்டிக்குள்ளேயே ஒரு சாவியை விட்டுவைப்பது எனக்கு உவப்பில்லை. இப்போதுள்ள மாட்யூல் அசல் சாவியோடு ஒருமுறை பழகிக்கொள்கிறது. பிறகு ரிமோட் ஸ்டார்ட்டரிடமிருந்து சைகை வரும்போது மட்டும் வாய்திறக்கிறது. திருடன் கண்ணாடியை உடைத்து ஏறினாலும், கியரை மாற்றப் பிரேக்கை மிதித்த நொடியில் என்ஜின் அணைந்துவிடும்.

மாலையில் அக்காவிடம் வண்டியைக் கொடுத்தேன். கராஜ் கதவு மூடியிருக்கும்போது அழுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் அது படுக்கையறைவரை வந்துவிடும்.

மறுநாள் காலை மைனஸ் 18 டிகிரி. ரிமோட்டை அழுத்தியதும் ஸ்டார்ட்டர் மூன்று முறை சுழன்று ஓய்ந்துவிட்டதாம். சாவியைப் போட்டால் உடனே கிளம்பியதாம். அக்கா பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். மாலை வண்டியைக் கொண்டுவந்தார். கடையின் கதகதப்பில் அரைமணி நேரம் நின்றதும் பத்து முறை அழுத்தினாலும் பத்து முறையும் கிளம்பியது. முதலாளி என்னைத் திட்டவில்லை. "இது வெளியில் குளிரில் நிற்கட்டும். காலையில் வந்து பார்" என்று சொல்லிவிட்டு அக்காவைத் தன் காரில் வீட்டில் விட்டுவந்தார்.

ஐந்து மணிக்கு நான் அங்கே இருந்தேன். அழுத்தினேன், கிளம்பவில்லை. குனிந்து பார்த்தால் பைபாஸ் மாட்யூலின் சிறுவிளக்கு எரியவில்லை. மின்சாரத்தை வண்டியின் இரும்புடலுக்குத் திருப்பிவிடும் அதன் எர்த் வயருக்கும் அந்த இரும்புக்கும் இடையே மீட்டரை வைத்தேன். இணைப்பே இல்லை. ரிமோட் ஸ்டார்ட்டரின் எர்த் வயரைச் சரியான இடத்தில் பூட்டிய நான், மாட்யூலின் எர்த்தை மட்டும் கைக்கெட்டிய திருகு ஒன்றில் முடுக்கிவிட்டிருந்தேன். பெயின்ட் பூசிய தகட்டில் இருந்த திருகு அது. வெதுவெதுப்பில் எப்படியோ தொட்டுக்கொண்டிருந்த முனை, குளிரில் உலோகம் சுருங்கியதும் விலகிவிட்டது. சாவியைப் போட்டால் கிளம்பியதற்கும் அதுதான் விளக்கம். அங்கே பதில் சொன்னது அசல் சிப். வயர்களை முறுக்கி, ஈயம் வைத்து, துணி நாடா சுற்றி நான்கு மணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, இந்த ஒரு திருகில் போய் நின்றது. விறைத்த விரல்களால் பெயின்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, இரண்டு எர்த்தையும் ஒரே இடத்தில் இறுக்கினேன்.

ஐந்தே முக்காலுக்கு வானை அக்காவின் வீட்டு வாசலில் நிறுத்தி அணைத்தேன். சன்னலுக்குப் பின்னாலிருந்து அவர் அழுத்தினார். முதல் முயற்சியிலேயே பிடித்தது. கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தவரிடம் என்ஜின் மூடியைத் தூக்கச் சொன்னேன். தயக்கத்தோடு தூக்கினார். என்ஜின் நின்றது. "அப்படியானால் மூடிவிட்டு இன்னொரு முறை அழுத்தட்டுமா தம்பி?" என்று கேட்டார். அழுத்தினார். இருவரும் வாசலில் நின்று, கண்ணாடியின் அடிவிளிம்பில் பனி மெல்லக் கரைந்து மேலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.