திரும்பப் பாட மறுத்த பாட்டு

2020 ஜனவரி 6 அன்று இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் நகரிலிருந்து கோசிவ் வழியாகச் செல்லும் சிற்றுந்தில் ஏறி, கார்பாத்திய மலைகளுக்கு நடுவே செரெமோஷ் ஆற்றங்கரையில் இருக்கும் கிரிவோரிவ்னியா என்ற ஹுட்சுல் மக்களின் ஊரை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அப்போதெல்லாம் உக்ரைனில் ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸ். அன்று தொடங்கி, ஆண்கள் குழுவாக வீடுவீடாகச் சென்று பாடும் கொல்யாதாவை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

மறுநாள் மரத்தால் கட்டிய பழைய தேவாலயத்தில் பாடிவிட்டுக் குழுவினர் ஊருக்குள் இறங்கினார்கள். தலைவரைப் ‘பெரேஸா’ என்கிறார்கள். நேர்ப்பொருள் பிர்ச் மரம். பார்த்கா என்னும் சிறு கோடரி எல்லோர் கையிலும் இருந்தது. ஓர் ஆளைவிட நீளமான த்ரெம்பிதா என்ற மரக் கொம்பை வாசலில் ஊதி வரவை அறிவித்த பிறகே உள்ளே நுழைகிறார்கள். கொல்யாதா என்பது பொதுவாகப் பாடும் பாட்டு அல்ல. வீட்டுத் தலைவருக்கு ஒன்று, தலைவிக்கு ஒன்று, மணமாகாத பெண்ணுக்கு ஒன்று என ஆள் பார்த்துப் பாடப்படுவது; இறந்தவருக்கும் தனிப் பாட்டு உண்டு.

மூன்றாவது வீட்டில், அந்த வருடம் கணவரை இழந்திருந்த பாட்டி ஒருவர் இறந்தவருக்கான அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். கோடரிகளைத் தாழ்த்திக்கொண்டு, ஆடாமல், குரலை அடக்கிப் பாடினார்கள். பாட்டி முந்தானை போன்ற தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாகவே இருந்தார். பாட்டு முடிந்ததும் கருவியைப் பார்த்தேன்: வெளியே குளிரில் நின்ற நேரத்தில் மின்கலம் இறங்கி, பதிவு எப்போதோ நின்றுபோயிருந்தது. மின்கலத்தை மாற்றிவிட்டு, மொழிபெயர்க்க வந்த மாணவி மூலம், இன்னொரு முறை பாட முடியுமா என்று கேட்டேன். பெரேஸா கோபப்படவில்லை, பாட்டு இறந்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி யாருக்குப் பாடுவது என்று மட்டும் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

இந்தச் சிக்கல் எனக்கு முன்னால் வந்தவர்களுக்கும் இருந்திருக்கும். 1900 முதல் மேற்கு உக்ரைனின் கலீசியா வட்டாரக் கிராமங்களில் ஒசிப் ரோஸ்தோல்ஸ்கி மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிந்தார். 1908-இல் ஃபிலாரெட் கொலெஸ்ஸா பொல்தாவா பக்கம் போய்க் கோப்ஸார்கள் என்னும் நாடோடிப் பாணர்களின் தூமா என்ற கதைப்பாடல்களைப் பதிந்தார், அதற்குப் பெயர் வெளியே தெரியாமல் பணம் கொடுத்தவர் கவிஞர் லேஸ்யா உக்ராய்ன்கா. ஓர் உருளையில் சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். ஒரு வீட்டின் கொல்யாதாவோ கால் மணி நேரத்துக்குக் குறையாது. அண்மையில் பாலிஃபனி ப்ராஜெக்ட் என்ற முயற்சியில் ஒவ்வொரு பாடகருக்கும் தனி ஒலிவாங்கி வைத்து, கேட்பவர் எந்தக் குரலையும் பிரித்துக் கேட்கும்படி பதிந்திருக்கிறார்கள். கூட்டாகப் பாடுவதில் மேல்குரல் எங்கே விலகிப் போகிறது என்று கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. ஆனாலும் பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்பட்டது என்பதை எந்த ஒலிவாங்கியும் பிடிப்பதில்லை. அதன் பிறகு, யார் வீடு, யாருக்காக, அப்போது யார் எங்கே நின்றார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்கினேன்.

தேதியையும் எழுதினேன், அதுவும் நல்லதாகப் போயிற்று. லெயொந்தோவிச் இசையமைத்து 1916-இல் கியவ் நகரில் அரங்கேறிய ‘ஷ்செத்ரிக்’ புத்தாண்டுப் பாட்டில், பனிக்காலத்தின் நடுவே தகைவிலான் குருவி ஏன் பறந்து வருகிறது என்று பலர் வியப்பதுண்டு. ஒரு காலத்தில் அங்கே புத்தாண்டு வசந்தத்தில் பிறந்தது. நாள் மாறியும் குருவி பாட்டிலேயே தங்கிவிட்டது. 2023-இல் கிறிஸ்துமஸ் விடுமுறையை உக்ரைன் டிசம்பர் 25-க்கு மாற்றியது. பாடும் வயது ஆண்களில் பலர் இன்று போர்முனையில் இருக்கிறார்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பாட்டியின் வீட்டுக்கு நேரே ‘ஜனவரி 7, பதிவு இல்லை’ என்று இருக்கிறது.