சிலந்தியம்மை குடியிருக்கும் பாறை

தரிசனத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பிழை என்னுடையதுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ தேசம், அதாவது நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதி, ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்கிறது. என் கைபேசி அரிசோனா நேரத்தையே நம்பிக்கொண்டிருந்தது.

அந்தத் தேசத்தில் இருக்கும் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புச் சாலை முடியும் இடத்தில், விடிவதற்கு முன்பே வந்துவிடச் சொல்லியிருந்தார் வழிகாட்டி அம்மாள். நான் போனபோது வெயில் ஏறிவிட்டது. அவருடைய வழிபாடு முடிந்திருந்தது. விரல் நுனியில் மட்டும் மஞ்சளாகக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது. மக்காச்சோள மகரந்தம். கிழக்கு நோக்கி நின்று, அதில் துளி எடுத்து நாவிலும் உச்சந்தலையிலும் வைத்து, மிச்சத்தைத் தூவுவார்கள். மணி இல்லை, கருவறை இல்லை, நடை சாத்துவதும் இல்லை. இருந்தும் நான் தவறவிட்டுவிட்டேன்.

கீழே, பள்ளத்தாக்கின் நடுவில், சுமார் 800 அடி உயரத்துக்குச் செம்மணற்பாறை ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. நவஹோ மக்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்த சிலந்தியம்மைக்கு அதுதான் வீடு. உச்சி மட்டும் வெளுத்திருக்கிறது. சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகளை அவள் மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். அந்த வெள்ளை அவர்களுடைய எலும்பாம். சின்ன வயதில் தன்னை மிரட்டிய இந்தக் கதையை அம்மாள் சிரிக்காமல் சொன்னார். இப்படியொரு தலபுராணத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

“என்ன வேண்டிக்கொண்டீர்கள்?” என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தேன்.

கேள்வியே அவருக்குப் புரியவில்லை. பிறகு ‘ஹோஷோ’ என்ற சொல்லைச் சொன்னார். அழகு, நலம், ஒழுங்கு, இசைவு எல்லாம் அதற்குள் அடக்கம். அது குலைந்தால் நோய் வரும். அப்போது சடங்குப் பாடகர் வந்து, வண்ண மணலால் தெய்வ உருவங்களைத் தரையில் வரைவார். நோயாளியை அதன்மேல் உட்கார வைத்துப் பாடுவார். சடங்கு முடிந்ததும் ஓவியத்தைக் கலைத்துவிடுவார்கள். கடைகளில் பலகையில் ஒட்டி விற்கும் மணல் ஓவியங்களில் வேண்டுமென்றே எதையாவது மாற்றிவிடுகிறார்களாம். தெய்வத்தைச் சட்டம் போட்டு மாட்டக் கூடாது அல்லவா?

பிரார்த்தனையின் முடிவில் “மீண்டும் அழகாயிற்று” என்று நான்கு முறை சொல்கிறார்கள். ‘ஆகட்டும்’ அல்ல, ‘ஆயிற்று’. பட்டியலோடு சந்நிதிக்குப் போய்ப் பழகிய எனக்கு அந்த இறந்தகாலம் தொண்டையில் சிக்கியது.

தென்மேற்கில் மேகம் திரண்டது. இடியோடு கொட்டுவது ஆண் மழை, சத்தமில்லாமல் மண்ணில் ஊறுவது பெண் மழை என்றார். எது நல்லது என்றேன். “சோளத்துக்கு இரண்டும் வேண்டும்” என்றார்.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் 1864இல் அமெரிக்கப் படை பயிர்களைக் கொளுத்தி, பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. ஆயிரக்கணக்கானவர்களை நியூ மெக்சிகோவின் கிழக்குப் பகுதிக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். 1868இல் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் திரும்பி வந்தது பிளாங்கா, டெய்லர், சான் பிரான்சிஸ்கோ, ஹெஸ்பரஸ் என்ற நான்கு புனித மலைகளுக்கு நடுவே இருக்கும் தங்கள் மண்ணுக்கு. இதைச் சொன்னபோது அம்மாள் கீழே பார்க்கவில்லை, கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை வந்தது. ஆணா பெண்ணா என்று நான் தீர்மானிப்பதற்குள் நின்றும் விட்டது. அன்றிரவு விடுதியில் முதல் வேலையாகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன்.