அப்பத்தாவின் மாத்திரையும் காசியாபாத்துக்குப் போன படிவமும்

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வாங்கிக்கொள்வோம், அத்தோடு விட்டுவிடுவோம். அதை அரசாங்கத்துக்கும் தெரிவிக்கலாம், நோயாளியோ வீட்டு ஆட்களோ நேரடியாகவே எழுதலாம் என்பது எங்கள் அப்பத்தா காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தது.

அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட இருக்கிறதென்று, அதைக் குறைக்க அலோபியூரினால் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல். அம்மையாக இருக்கும் என்று அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். முகம் வீங்கி, முதுகெல்லாம் செக்கச்செவேலென்று தடித்த பிறகுதான் பள்ளத்தூரிலிருந்து கார் பிடித்து ஓடினோம். பரிசோதனையில் ஒவ்வாமையின்போது கூடும் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன, ஈரலும் பாதிக்கப்பட்டிருந்தது. தோல் டாக்டர் ‘டிரெஸ்’ என்றார். மருந்து ஒவ்வாமையில் மோசமான வகை. மாத்திரை ஆரம்பித்து 2 முதல் 8 வாரம் கழித்து வருவதால் மாத்திரை மேல் சந்தேகமே வராது. அதை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து, மெதுவாகத்தான் தேறினார்.

வார்டில் இருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் 1800-180-3024 என்ற இலவச எண்ணை எழுதிக்கொடுத்தார். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. 2010-இல் தொடங்கிய திட்டம். அடுத்த ஆண்டிலிருந்து காசியாபாத்தில் உள்ள, மருந்துகளின் தரத்தை வகுக்கும் இந்திய பார்மகோபியா ஆணையம் நடத்துகிறது. டாக்டர்களுக்குத் தனிப் படிவம், நம்மைப் போன்றவர்களுக்குத் தனிப் படிவம். நமக்கானது தமிழிலேயே கிடைக்கிறது. எண்ணைச் சுழற்றினேன், அலுவலக நேரத்தில்தான் எடுக்கிறார்கள், ஆங்கிலத்தில் விவரம் சொன்னேன், படிவம் வந்தது. அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கலெல்லாம் நிரப்புவதில்தான்.

நோயாளியின் முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். வயது, எதற்காக மருந்து சாப்பிட்டார், யார் சொல்லிச் சாப்பிட்டார் என்று கேட்கிறார்கள். டாக்டரா, மருந்துக்கடைக்காரரா, சொந்தக்காரரா, தானாகவேவா என்று கட்டங்கள். நம் ஊரை நன்றாகத் தெரிந்தவர் யாரோதான் அந்தக் கேள்வியைப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் தேதிகள்: மாத்திரை தொடங்கிய நாள், நிறுத்திய நாள், தொந்தரவு ஆரம்பித்த நாள். அப்பத்தாவுக்குத் தேதி கணக்கெல்லாம் கிடையாது. “கார்த்திகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமைலருந்துப்பா” என்றார். காலண்டரை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்.

கூடவே வேறென்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது பட்டாலையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து கொட்டினோம். மலேசியாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய மூட்டுவலிக் கேப்சூல், தேவகோட்டை வைத்தியர் கொடுத்த சூரணம், பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை. கடைசியில் சொன்ன அந்தத் தயாசைடு கூட இருந்தால், அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், அலோபியூரினால் ஒவ்வாமைக்கு வாய்ப்புக் கூடும் என்று டாக்டர் விளக்கினார். எல்லாவற்றையும் எழுதினேன். சூரணத்தின் மேல்தான் சந்தேகம் என்றால் அதற்கு 2018 முதல் ஆயுஷ் அமைச்சகத்தின் கண்காணிப்புத் தனியாக இருக்கிறது.

பேட்ச் எண்ணில்தான் மாட்டிக்கொண்டோம். கடையில் அட்டையைப் பத்துப் பத்தாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த துண்டில் மாத்திரைப் பெயரில் பாதியும் விலையும்தான். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் மிச்சத் துண்டோடு வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டன. பில்லும் கொடுக்கவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், “நம்ம கடை பேரு எதுலயும் வந்துராதே தம்பி?” என்பதே முதல் கேள்வி. படிவம் அனுப்புவதால் டாக்டரோ கம்பெனியோ தப்புச் செய்ததாக ஆகாது, அனுப்பியவர் விவரத்தையும் வெளியே விடமாட்டார்கள் என்று காட்டிய பிறகும் அவர் நம்பவில்லை. எண் இல்லாமலேயே அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். யாருக்கு, எந்த மருந்து, என்ன ஆயிற்று, யார் சொல்கிறார்கள் என்ற நான்கும் இருந்தால் அறிக்கை செல்லுபடியாகும். மருந்தால்தான் வந்தது என்று நாம் நிரூபிக்கவும் வேண்டாம், சந்தேகம் போதும்.

“இது எல்லாருக்கும் தெரிஞ்ச பக்கவிளைவுதானே, இதைப்போய் எழுதணுமா?” என்று மருந்து எழுதிக்கொடுத்த இடத்தில் கேட்டார்கள். தெரிந்ததையும் எழுதத்தான் சொல்கிறது திட்டம். ஆனால் டாக்டர்களுக்கு இது கட்டாயமில்லை, அவர்களாக மனம் வைத்தால்தான் உண்டு. மருந்துக் கம்பெனிகளுக்குத்தான் கட்டாயம். 2019 விதிகளின்படி புது மருந்து விற்பவர்கள் முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அறிக்கை கொடுக்க வேண்டும், அடுத்த இரண்டு வருடம் ஆண்டுக்கொருமுறை. அலோபியூரினால் போன்ற பழைய மருந்தில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் தெரியும்.

அனுப்பிய பிறகு ஒருமுறை கூப்பிட்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் மாத்திரையை நிறுத்திய தேதியையும் கேட்டார்கள். அவ்வளவுதான். நஷ்ட ஈடோ விசாரணையோ எதிர்பார்த்தால் இது அதற்கான இடம் இல்லை. ஒரு அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யமாட்டார்கள், சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக சுவீடனின் உப்சாலாவில் இருக்கும் தரவுத்தளத்துக்கும் இந்திய அறிக்கைகள் போகின்றன. அப்படிச் சேர்ந்த அறிக்கைகளை வைத்துத்தான் 2023 நவம்பரில், மாதவிடாய் வலிக்கு வாங்கிப் போடும் மெஃபனமிக் அமிலமும் டிரெஸ் உண்டாக்கலாம் என்று காசியாபாத்திலிருந்து எச்சரித்தார்கள். சுவீடன் விஷயத்தை அப்பத்தாவிடம் சொன்னேன். “எம் முதுகு அரிச்சது அவுகளுக்கு எதுக்கு?” என்றார்.

எலும்பு டாக்டர் பிறகு எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வலிக்குக் காரணம் மூட்டுத் தேய்மானம், யூரிக் ஆசிட் இல்லை என்றார். மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பின்விளைவை விவரிக்கும் இடத்தின் கடைசி வரியில் சேர்த்து, மறுபடி அனுப்பிவைத்தேன்.