மூன்று பெயர்களுடன் சோழ நாட்டுக்குச் சென்றவன்

காலப்பயணக் கதை ஒன்றைச் சில மாதங்களாக எழுதிவருகிறேன். இக்காலத்து இளைஞன் ஒருவன் சுந்தர சோழர் ஆட்சியின் இறுதிப் பகுதிக்குச் சென்று, பட்டத்துக்குரிய மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் கொலையைத் தடுக்க முயல்கிறான். இளவரசன் பிழைத்தால் அவன் தம்பி இராசராசன் அரியணை ஏறுவானா, 1010இல் தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுறுமா என்ற கேள்விகளே முதலில் மனத்தில் எழுந்தன. எழுத எழுத, என்னை ஆட்கொண்டது வேறொன்று.

என் நாயகன் கையிலுள்ள ஒரே சான்று, காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு. அது கொலை நிகழ்ந்த காலத்துச் சாசனம் அன்று. இடையில் உத்தம சோழர் பதினைந்து ஆண்டுகள் ஆண்டு முடித்து, 985இல் இராசராசன் பட்டமேறிய பின், அவரது இரண்டாம் ஆட்சியாண்டில் அந்தணர் ஊரான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பப்பட்ட ஆணை. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டி, அவர்களுடையது மட்டுமன்றிப் பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் வரை உறவினர் உடைமைகளையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. கொலை எந்த நாளில், எந்த ஊரில், எவ்வாறு நடந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சுவரின் முன் நின்று, பெரும்பாலும் புள்ளியின்றிப் பொறிக்கப்பட்ட எழுத்துகளை விரலால் தொடர்ந்து படிக்க முயன்றபோது, ஒரு வரியைக் கடக்கவே நெடுநேரம் பிடித்தது. தாய்மொழி தமிழாக இருந்தும் எனக்கே இந்நிலை என்றால், என் நாயகன் அங்கே ஓர் ஓலையைக்கூடத் தடையின்றிப் படிக்க இயலாது. "இது எந்த ஆண்டு?" என்று கேட்டால், மன்னர் முடிசூடியதிலிருந்து எண்ணித்தான் விடை சொல்வார்கள், அதை நம் கணக்குக்கு மாற்ற, அம்மன்னர் என்று பட்டமேறினார் என்பதை அவன் முன்பே அறிந்திருக்க வேண்டும். இத்தகைய தடுமாற்றங்களைத் தவிர்த்துவிட்டு, இறங்கிய கணமே அரண்மனைக்குள் சரளமாகப் பேசத் தொடங்கும் நாயகர்களை என்னால் நம்ப முடிவதில்லை.

பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசே வழங்கிய பட்டம். ஆகவே அவன் குற்றம் சாட்டப்போவது தெருவில் திரியும் கள்வர்களை அன்று, அரசின் மதிப்பைப் பெற்றவர்களை. அதுவும் அவர்கள் இன்னும் எக்குற்றமும் செய்யாத நாளில்.

நேற்றிரவு எழுதிய பகுதியில் அவன் ஒருவழியாகக் ஆதித்த கரிகாலனின் தங்கை குந்தவைப் பிராட்டியின் முன் நிறுத்தப்படுகிறான். மூன்று பெயர்களையும் சொல்லி முடிக்கிறான். அவர் சினம் கொள்ளவில்லை, சிறிது நேரம் அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "எந்த நாள்? எவ்விடம்?" என்று கேட்கிறார்.