50 ஹெர்ட்ஸைச் சுற்றி

வீட்டில் கணினியை வைத்து மின்னணு இசை செய்யும் தம்பிமார் திருகோணமலையில் இப்போது பலர் இருக்கிறார்கள். பாட்டை வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்குக்கு எந்த மென்பொருள் நல்லது என்று அவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கிக் என்னும் தாழ்ந்த ட்ரம் அடியும் பேஸ் என்னும் தாழ்ந்த சுரங்களும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள் என்பதே என் பதில். அந்த இடம் சரியாக அமைந்துவிட்டால் மாஸ்டரிங்கில் மிச்சமிருக்கும் வேலை சிறியது. அமையாவிட்டால் ஒலியின் உச்சங்களை ஓர் எல்லைக்குள் அடக்கும் லிமிட்டர் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதனால் பாட்டைக் காப்பாற்ற முடியாது.

இந்தச் சிக்கலில் பெரும்பங்கு நாம் அமர்ந்து வேலை செய்யும் அறைக்கு உண்டு. உப்புவெளியில் உள்ள என் அறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. சீமெந்துச் சுவர், டைல்ஸ் பதித்த தரை. நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்கிறது. அந்த வேகத்தைச் சுவர்களுக்கிடையேயான தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், அறைக்குள் ஓரிடத்தில் வீங்கியும் ஓரிடத்தில் மெலிந்தும் கேட்கும் நின்ற அலை உருவாகும் மிகத் தாழ்ந்த மீடிறன் கிடைக்கும். என் அறையில் அது நீளவாக்கில் சுமார் 48 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் சுமார் 57 ஹெர்ட்ஸ். நடன இசையின் கிக் பெரும்பாலும் தன் முழு வலுவையும் வைத்திருப்பது இதே எல்லைக்குள்தான். அறையின் நடுவே கதிரையைப் போட்டால் கிக் மெலிந்து கேட்கும். சுவரோரம் போனால் அதுவே வீங்கிக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீற்றர் என்பதால், சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பொஞ்சு அதை ஒன்றும் செய்யாது. எனவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எந்த முடிவையும் ஒலிபெருக்கியை நம்பி எடுக்காமல், ஹெட்போனையும், ஒவ்வொரு மீடிறனிலும் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் சேர்த்து வைத்தே எடுக்கிறேன்.

நான் பாட்டை எல்எம்எம்எஸ் என்ற இசையமைப்பு மென்பொருளில் கட்டுகிறேன். பேஸ் ஒலிகளுக்குச் சேர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் போதும். முன்பு விலைக்கு விற்கப்பட்ட சேர்ஜின் மூலநிரல் 2018இல் திறந்துவிடப்பட்டு, அதிலிருந்து வளர்ந்தது இது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனிக் கோப்பாக வெளியெடுத்து, ட்ராக்குகளைக் கலந்து மிக்சிங் செய்யும் ஆர்டர் என்ற மென்பொருளுக்குள் கொண்டுவருகிறேன். பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டரின் மூலநிரல், எவரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதன் தளத்தில் ஆயத்தமான பதிப்பைப் பெறப் பணம் கேட்பார்கள்; லினக்ஸ் விநியோகங்களின் களஞ்சியத்திலிருந்து இலவசமாகவே நிறுவலாம். ஆனாலும் இயன்றவர்கள் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம், ஏனெனில் அந்த மென்பொருள் தொடர்ந்து வளர்வது அந்த வருமானத்தால்தான்.

கிக்குக்கும் பேஸுக்கும் இடம் பிரிக்கும்போது முதலில் யார் கீழே, யார் மேலே என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. கிக் 50 ஹெர்ட்ஸில் நின்றால் பேஸின் உடல் 80 முதல் 120 வரை இருக்கட்டும். பேஸ் அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் குறுகிய, சற்று உயர்ந்த கிக்கைத் தெரிந்தெடுக்க வேண்டும். இதற்குப் பிறகே எல்எஸ்பி என்ற செருகுநிரல் தொகுப்பில் உள்ள, ஒலியை அமுக்கும் கொம்ப்ரசரைப் பேஸில் போட்டு, கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸ் தாழும்படி அதன் சைட்செயினுக்குக் கிக்கைக் கொடுக்கிறேன். நிமிடத்துக்கு 120 அடி கொண்ட பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லிசெக்கன் இருக்கிறது. அமுக்கிய பேஸ் மீளும் நேரமான ரிலீஸை 150 மில்லிசெக்கன் அளவில் வைத்தால் அரையடி வருவதற்குள் பேஸ் முழுதாகத் திரும்பிவிடும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டின் அலைகளும் எதிரெதிர்த் திசையில் தொடங்கினால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆர்டரில் ஒவ்வொரு ட்ராக்கிலும் உள்ள துருவம் மாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்து, எந்த நிலையில் அடி கனமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடலாம். ஈக்வலைசரில் மணிக்கணக்காகத் தேடும் கனம் சில வேளை இந்த ஒரு பொத்தானில் கிடைத்துவிடுகிறது.

டச்சுக் குடாவின் அலையோசையையோ மீன்பிடிப் படகின் எஞ்சினையோ பதிவு செய்து பாட்டில் சேர்ப்பவர்கள் அந்த ட்ராக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி மைக்கில் மோதிய காற்று. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி 50 ஹெர்ட்ஸைத் தரவே தராது என்பதால், பேஸ் அந்த அளவுக்கு இறங்கும் பாட்டில், கால்ஃப் என்ற செருகுநிரல் தொகுப்பின், ஒலியைச் சற்றுத் திரிக்கும் சாச்சுரேட்டரைப் பேஸில் இலேசாக இட்டு, அடிச்சுரத்தின் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸில் மேற்சுரங்களை எழுப்புகிறேன். அவற்றைக் கேட்கும் மூளை இல்லாத அடிச்சுரத்தையும் தானே உணர்ந்துகொள்கிறது. மறுபக்கத்தில், பெரிய சப்வூஃபர் பூட்டிய ஓட்டோ ஒன்றில் பாட்டைப் போட்டுப் பார்ப்பதும் அவசியம். நம் ஊரில் இந்த இசை அதிகம் ஒலிப்பது அங்கேதான்.

சத்தம் பற்றிய ஆசையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உரப்பை அளக்கும் பிஎஸ்.1770 என்ற முறையை ஐடியு என்னும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்டது. ஸ்பொட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் பாடல்களை அந்த முறையின் அலகில் -14 எல்யுஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவருகிறது. உங்கள் பாட்டை -8க்கு அமுக்கி அனுப்பினால் அங்கே 6 டெசிபெல் குறைத்தே ஒலிக்கும். அமுக்கியதால் தேய்ந்துபோன கிக்கின் முனை திரும்பி வராது. மேலும், அந்த அளவீடு மிகத் தாழ்ந்த ஒலிகளுக்குக் குறைந்த எடையே கொடுக்கிறது. 30 ஹெர்ட்ஸில் தேங்கி நிற்கும் பேஸ் லிமிட்டரின் இடத்தையெல்லாம் தின்றுவிட்டு, அளவுகோலில் அதிகம் ஏறாமல் போகிறது. அதனால் 30க்குக் கீழே வெட்டுவதே என் மாஸ்டரிங்கின் முதல் வேலை. பிறகு எக்ஸ்42 என்ற லிமிட்டரை, அலை உண்மையில் தொடும் உச்சமான ட்ரூ பீக் -1 டெசிபெலில் நிற்கும்படி வைக்கிறேன். அது 3 டெசிபெலுக்கு மேல் அமுக்குவதாகக் காட்டினால் லிமிட்டரைத் தொடாமல் மிக்சிங்குக்குத் திரும்பிப் போகிறேன்.

ஏற்றுமதி முடிந்ததும் ஆர்டர் மொத்த உரப்பையும் ட்ரூ பீக்கையும் ஓர் அறிக்கையாகக் காட்டும். மூலப்படியாக, தரம் குறையாமல் சுருக்கும் 24 பிட் ஃப்ளாக் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 16 பிட்டுக்கு மாற்றும்போது மட்டும் டித்தரிங் என்னும் மிக மெல்லிய இரைச்சலைச் சேர்த்தால் போதும்.